பிரேக் பார்த்தவன் ஏறியாக வேண்டும்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. லாரிக்குப் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக், ட்ரயல் போகும்போது கேபினில் ஏறி உட்கார்ந்தே ஆக வேண்டும். ராசிபுரம் ரோட்டு மேட்டிலிருந்து பாரத்தோடு வண்டியை இறக்கிப் பார்ப்போம். பிரேக் பிடித்தால் எல்லோருக்கும் டீ. பிடிக்காவிட்டால் போகிற உயிர்களில் வேலை பார்த்தவனுடையதும் ஒன்று. இதை நாமக்கல்லில் யாரும் எழுதி மாட்டி வைக்கவில்லை. ஆனால் ஏற மறுக்கிற மெக்கானிக்கிடம் எந்த டிரைவரும் வண்டியை விடமாட்டார். முப்பது வருடமாக ஏறியிருக்கிறேன். ஒருநாளும் பயந்ததில்லை. என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியுமே, எதற்குப் பயப்பட வேண்டும்?

அந்தத் திமிரெல்லாம் என் தங்கை வீட்டுக்காரர் ஒரு படகை வாங்கிவருகிற வரைக்கும்தான்.

மாப்பிள்ளை போர்வெல் ரிக் வைத்திருந்தவர். இருபது வருடம் வடக்கே ஊர் ஊராய்ப் போய்ப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ரிக்கை விற்று ஊர் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருந்தாரா? கடலோரத்தில் மூடிப்போன ஒரு உல்லாச விடுதியின் பின்கட்டில் கிடந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் பழைய கம்ப்ரசரைக் கொடுத்துவிட்டு அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பதினெட்டு அடி நீளம். ஒரு காலத்தில் நீலமாக மினுமினுத்திருக்க வேண்டும். இப்போது தொட்டால் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பின்பக்கம் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதற்குள் எலிக்கூடு. நிறுத்த இடமில்லாமல் மேச்சேரிச் செம்மறி ஆடுகளைக் கட்டியிருந்த கொட்டகையைக் காலி செய்து அதற்குள் தள்ளினார். ஆடுகள் ஒரு வாரம் வெளியே நின்று கத்தித் தீர்த்தன.

"ஆயிரம் அடிக்குக் கீழ இருக்கற தண்ணியெல்லாம் பார்த்தாச்சுங்க மச்சான். இனி தண்ணிக்கு மேல போயிப் பார்க்கோணும். நீங்க இன்ஜினை மட்டும் உசுப்பிக் குடுங்க போதும்," என்றார்.

"போயி ஆட்டைக் கட்டற வேலையப் பாருங்க மாப்ளே," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தங்கை பட்டறைக்கே வந்து நின்றாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அவரை விட்டால் நான், என்னை விட்டால் அவர். அவ்வளவுதான் அவள் உலகம்.

"ஏனுங்ணா, அவரு சொன்னாக் கேக்கற ஆளில்லீங்க. நீங்க முடியாதுன்னா வேற எவங்கிட்டயாச்சும் குடுத்து ஓட வெச்சுருவாரு. அதுக்கு நீங்களே பாருங்க. ஆனா ஒண்ணு. உங்க பட்டறை வழக்கம் இதுக்கும் உண்டுங்ளா?"

"எந்த வழக்கஞ் சாமி?"

"வேல பார்த்தவன் ஏறோணும்ங்கற வழக்கம்."

பட்டறையில் நாலு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? "உண்டு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்பச் சரிங்ணா. நீங்க ஏறுனா அவரு திரும்பி ஊடு வந்துருவாரு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

எனக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. எட்டு வயதில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து, தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பச்சைத் தண்ணீர் மூக்குக்குள் ஏறியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கணுக்காலுக்கு மேல் நனைகிற இடத்துக்கு நான் போனதில்லை. ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் ஆற்றில் இறங்கினால் நான் கரையில் செருப்புக்குக் காவல். இந்த விஷயம் தங்கைக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள், பாதகத்தி.

ஏழெட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்தக் கொட்டகையில்தான். இன்ஜினைப் பிரித்தால் சிலிண்டர் எல்லாம் துரு. லேத்தில் கொடுத்துப் புது ஸ்லீவ் போட்டு, வால்வு தேய்த்து, கார்புரேட்டரைக் கழுவி, இரண்டு மாதத்தில் உயிர் கொடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலை. முதல் தடவை உறுமியபோது கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, மாப்பிள்ளை குழந்தை மாதிரி கை தட்டினார். உளுத்துப்போன பின்பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்து ஃபைபர் ஒட்டினோம். அதுவரைக்கும் சரி.

பயம் பிடித்தது பம்பைப் பிரித்த அன்றைக்கு. இந்தப் படகுக்கு வெளியே விசிறி கிடையாது. அடியில் கம்பிச் சல்லடை வைத்த ஒரு வாய். அந்த வாய் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும், கிணற்று மோட்டாரில் இருக்கிற மாதிரி ஒரு இம்பெல்லர் அதைப் பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும், அந்த வேகத்தில் படகு ஓடும். பீய்ச்சுகிற குழாயை இடம் வலம் திருப்பினால்தான் படகு திரும்பும். அதாவது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஸ்டீயரிங் செத்துப்போகும். நான் நம்பாமல் மூன்று தடவை குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மாப்ளே, இதுக்குப் பிரேக் எங்கீங்க?"

"பிரேக்கெல்லாம் கெடையாதுங்க மச்சான். பின்னால ஒரு மூடி எறங்கும், அது தண்ணியை முன்னால திருப்பி உடும். அவ்வளவுதான்."

வாழ்நாள் முழுக்கப் பிரேக் பார்த்தவனிடம் பிரேக்கே இல்லாத வண்டி.

பம்பின் மேல்பக்கம், படகுக்குள்ளேயே, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டையும் அதன்மேல் ஒரு மூடியும் இருந்தன. மூடியை எடுத்துக் குனிந்து பார்த்தேன். கொட்டகைத் தரை தெரிந்தது, ஆட்டுப்புழுக்கை தெரிந்தது. படகின் அடியில் ஓட்டை! இங்கே தரை தெரிந்தால் ஆற்றில் என்ன தெரியும்? மூடிக்கு அடியிலிருந்த பழைய கேஸ்கெட் ரப்பரோ பிசுபிசு என்று கையோடு வந்துவிட்டது.

மாப்பிள்ளை செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். எந்த நாட்டு வெள்ளைக்காரனோ அதே மாதிரி மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பாசியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "அடைச்சுக்கிட்டா எடுக்கறதுக்குங்களாமா," என்றார்.

"அடைக்காத எடமாப் பார்த்து ஓட்டுங்க," என்று எரிந்து விழுந்தேன். புது கேஸ்கெட் வைத்து, மூடியைப் போட்டு, அது போதாதென்று சுற்றிலும் எட்டு ரிவெட் ஆணி அடித்து, மேலே பிசினும் பூசி மூடிவிட்டேன். பொக்கென்று கழன்று தண்ணீர் உள்ளே வந்தால் யார் பதில் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பல மாதத்துக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ட்ரயலுக்கு மாப்பிள்ளை காவிரியைப் பிடித்தார். மேலே ஒரு நல்ல அகலமான இடம், ஆழமும் உண்டு. கீழே வளைவு தாண்டினால் ஒரு தடுப்பணை. "அணைப் பக்கமே போக மாட்டங்க மச்சான், அனுமதி பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருக்குது," என்று சத்தியம் செய்தார். காலையில் ஜீப் புறப்படும்போதே நான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். வழியில் டீக்கடையில் அதோடுதான் இறங்கினேன். "ஏனுங்க, மழை வருதுங்ளா?" என்று கடைக்காரர் கேட்டார். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

கரையில் தங்கை ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தாள். புது வண்டிக்குச் செய்கிற பூஜை. தேங்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைப்பது? படகுக்குத்தான் டயர் இல்லையே. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, படகை ஏற்றிவந்த ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினோம். பிறகு அவள் சொல்லிவைத்துக் கட்டி வாங்கிய மாலையை எடுத்தாள். செவ்வந்தியும் சம்பங்கியுமாக ஆள் உயரத்துக்கு இருந்தது. லாரி முகப்பில் கட்டுகிற மாதிரியே படகின் மூக்கில் சுற்றி, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் உதடு முணுமுணுத்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

முதல் ஐந்து நிமிஷம் மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஓட்டினார். நான் இரண்டு கையாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை என் பிசின் பூசிய மூடி மேலேயே வைத்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அப்புறம் அவருக்குக் கை துறுதுறுத்தது. "சித்தப் பாருங்க மச்சான்" என்று சொல்லி ஒரே அமுக்கு. மூக்குத் தூக்கியது, என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, கரை மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. "மெதுவா! மெதுவாங்கறேன்!" என்று நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வளைவு வந்தது. போக மாட்டேன் என்று சத்தியம் செய்த வளைவு. அதைத் தாண்டியேவிட்டோம்.

திருப்பலாம் என்று அவர் வேகத்தைக் குறைத்தபோது மாலையின் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்து, அப்படியே படகுக்கு அடியில் உறிஞ்சுகிற வாய்ப் பக்கம் போனதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி இன்ஜின் வீல் என்று அலறியது. படகு அசையவில்லை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினார்; மூக்கு தன்பாட்டுக்கு நின்றது.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இரண்டு ஃபர்லாங் கீழே, தடுப்பணையில் தண்ணீர் விழுகிற சத்தம். ஆறு அமைதியாக இருந்தது. அந்த அமைதியோடு எங்களை அந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனது.

நங்கூரம் என்று ஒன்று உலகத்தில் உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. வண்டி நகர்ந்தால் டயருக்கு முட்டுக்கட்டை வைக்கத் தெரியும், அவ்வளவுதான் எங்கள் படிப்பு. இருந்த ஒரே துடுப்பை மாப்பிள்ளை போட்டார், படகு வட்டமடித்தது.

"மாப்ளே, உங்களுக்கு நீச்சல் தெரியுமல்லோ?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கெணத்துல தெரியுமுங்க மச்சான். முதுகுல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டு."

அட கருமமே! செத்துப்போவது ஒருபுறம், கரையில் நிற்கிறவள் ஞாபகம் வந்ததுதான் தாங்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றி அனுப்பிவிட்டு நிற்கிறாள். நான் ஏறினால் அவர் திரும்பி வருவார் என்று என்னை நம்பி அனுப்பியிருக்கிறாள்.

அந்த வெள்ளைக்காரன் வீடியோவில் கைவிட்டது இப்போதுதான் புத்தியில் உறைத்தது. கை விடுகிற வழியை எட்டு ரிவெட் போட்டு அடைத்தவன் யார்? நான். பயத்துக்குப் பயந்து, பிழைக்கிற ஒரே வாசலைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ட்ரயலுக்குப் போகிற மெக்கானிக் டூல் பாக்ஸ் இல்லாமல் ஏறமாட்டான். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சாவியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டேன். உள்ளே என் கை இருக்கும்போது பதற்றத்தில் இந்த மனிதர் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் தோள்வரை போய்விடும். உளியை வைத்து ரிவெட் தலைகளை வெட்ட ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது அடி தவறி என் விரலில் விழுந்தது. அணைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"சாவியைக் குடுங்க மச்சான், ஒரே ஒருக்கா அடிச்சுப் பார்க்கறனுங்க!"

வாயில் சாவி, பேச முடியாது. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் என் வாயை நோக்கிக் கையைக் கொண்டுவந்தார். வயதில் மூத்த மச்சான் என்றும் பார்க்காமல் தாடையைப் பிடித்தார். முழங்கையால் ஓர் இடி இடித்தேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர்மேல் கை வைத்தது அது ஒருதரம்தான்.

எட்டாவது ரிவெட் போனது. உளியைக் கொடுத்து நெம்பினால் ஆறு உள்ளே வந்துவிடும் என்று என் உடம்பு முழுக்க நம்பியது. கண்ணை மூடிக்கொண்டு நெம்பினேன். மூடி கழன்றது. தண்ணீர் ஏறியது, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பச்சைத் தண்ணீர், கிணற்றில் பார்த்த அதே பச்சை. படகைச் செய்தவன் இந்த வாயை ஆற்று மட்டத்துக்கு மேலே வருகிற மாதிரி கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறான். நான்தான் அவனை நம்பவில்லை.

தோள் வரைக்கும் கையை விட்டேன். இம்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றி மாலை முறுக்கிக்கொண்டு கிடந்தது. இப்போதெல்லாம் பூவை நைலான் நூலில்தான் கட்டுகிறார்கள், இழுத்தால் அறுபடுமா? இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு துண்டால் தடவித் தடவி அறுத்தேன். செவ்வந்தி கொத்துக் கொத்தாக வந்தது. விரல் இரத்தமும் பூவும் ஒன்றாக வந்தன. கடைசி நூல் கையோடு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அணையின் விளிம்பு தெரிந்தது. அதற்கு அப்பால் தண்ணீரே தெரியவில்லை, வெறும் வானம்தான் தெரிந்தது.

சாவியைத் துப்பினேன். மூடியைப் பொருத்தி, பிடிக்க நட்டு இல்லாததால் அதன்மேல் நானே ஏறி உட்கார்ந்தேன். "அடிங்க!"

இன்ஜின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்தது. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை ஒடித்தார், படகு பாய்ந்தது, பாய்ந்த திசை அணை. அவர் ரிக் லாரி ஓட்டிப் பழகியவர். எதிரே ஆபத்தைக் கண்டால் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடும். விட்டுவிட்டார். மூக்கு திரும்பாமல் நேராகப் போனது.

"காலை எடுக்காதீங்க! அமுக்குங்க! நல்லா அமுக்குங்க மாப்ளே!"

முப்பது வருடத்தில் எந்த டிரைவரிடமும் நான் சொல்லாத சொல். அவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். எனக்கு அடியில் மூடி உதைத்தது, இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி என் வேட்டியை நனைத்தது, நான் மொத்தக் கனத்தையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு ஓவென்று கத்தினேன். படகு பின்பக்கத்தால் சறுக்கி, அணையோரத்துக் கரைச் சுவரை ஒட்டி ஒரு வட்டமடித்து, மேல்நோக்கித் திரும்பியது. சுவரில் ஒட்டியிருந்த நத்தையைக்கூடப் பார்த்தேன்.

வளைவைத் தாண்டி வரும்போது தங்கை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இன்ஜின் சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டிருக்கிறது. பூஜைத் தட்டு கரையில் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் இரண்டு பேர் தலையையும் எண்ணுகிற மாதிரி மாறி மாறிப் பார்த்தாள்.

"மாலை எங்கீங்ணா?"

"ஆத்துக்குக் குடுத்துட்டோஞ் சாமி," என்றேன். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

அவள் என் வலது கையைப் பிடித்தாள். நான் இறுக்கித்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். இரத்தம், நசுங்கிய செவ்வந்தி, நைலான் நூல். படகுக்குள் எட்டிப் பார்த்தாள். வெட்டிய ரிவெட்டுகள் கிடந்தன. முந்தானையைக் கிழித்து விரலைக் கட்டிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது ட்ரயல். மூடிக்கு இப்போது கையால் திருகிக் கழற்றுகிற இரண்டு நட்டு. நங்கூரம் ஒன்று, கயிறு நூறடி. எனக்குப் பயம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியிருந்தது. முந்திக் கற்பனையில் இருந்த அணை இப்போது கண்ணிலேயே நின்றது.

தங்கை வெறும் கையோடு வந்தாள். தேங்காய் இல்லை, மாலை இல்லை. நேராகத் தண்ணீரில் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது.

"எறங்கு சாமி, வெளையாடாத," என்றேன்.

"வேல பார்த்தவன் ஏறோணும்ங்கறது உங்க வழக்கந்தானுங்ணா? அன்னைக்கு மாலை கட்டுனவ நானு. நான் மட்டும் கரையில நிக்கறது என்ன ஞாயமுங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது இரண்டே லைஃப் ஜாக்கெட். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்த என்னுடையதைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கொக்கிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு நான் போய் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "போலாங்க மாப்ளே" என்றேன்.